இழுத்த நாணும் எய்யாத அம்பும்

வில் தோன்றிய காலந்தொட்டு அதனோடு ஒரு தொல்லையும் இருந்துவந்தது. நாணை இழுக்க இழுக்கச் சுமை கூடிக்கொண்டே போகும். குறிபார்ப்பதற்கு அமைதி மிகவும் தேவைப்படும் கடைசிக் கணத்தில்தான் கை மிகுந்த பாரத்தைத் தாங்கி நடுங்கும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்களைப் பொருத்தி, நாணையும் வடங்களையும் அவற்றின்மீது ஓடவிட்டார். 1966இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1969இல் கிடைத்தது. அதுவே காம்பவுண்ட் வில்.

இவ்வில்லின் நாணை இழுக்கத் தொடங்கியதும் சுமை விரைந்து உச்சத்தை அடைகிறது. சக்கரங்கள் மேலும் சுழலும்போது நெம்புகோல் பயன் கூடி, இழுப்பவரின் கையிலுள்ள சுமை சட்டெனக் குறைகிறது. 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 23 கிலோகிராம் இழுவிசையுள்ள வில்லில் 80 விழுக்காடு தளர்வு இருந்தால், முழு இழுப்பில் கை தாங்குவது 10 பவுண்டு மட்டுமே. வில்லில் சேர்ந்த ஆற்றலோ சிறிதும் குறைவதில்லை. கைக்குத் தோன்றும் இலேசு ஒரு மயக்கம். புதியவர்கள் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை இம்மயக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

அவற்றுள் கொடியது, அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடுவது. வில்லின் வளைந்த தகடுகளில் தேங்கிய ஆற்றலை வாங்கிச் செல்ல அம்பு இல்லாதபோது, அது வில்லுக்குள்ளேயே மோதுகிறது. தகடு விரிசலிடலாம், சக்கரம் வளையலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். வில்லின் வலிமைக்குப் பொருந்தாத மிக இலேசான அம்பும் இதற்கு நெருங்கிய தீங்கையே செய்யும். கார்பன் அம்பை எய்யும் முன்னர் மெல்ல வளைத்து, முறியும் ஒலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத கீறலுள்ள அம்பு எய்யும்போது சிதறி, வில்லேந்திய கையைத் துளைக்கக்கூடும்.

வில் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பதும் பாதுகாப்பைச் சேர்ந்ததே. காம்பவுண்ட் வில்லின் இழுப்பு நீளத்தை அதன் சக்கரமே வரையறுக்கிறது. பிறருடைய வில்லைக் கடன்வாங்கிப் பழகுவது ஆகாது. விரித்த கைகளின் மொத்த நீளத்தை 2.5 ஆல் வகுத்தால் தோராயமான அளவு கிடைக்கும். இழுவிசையை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. வில்லை வானை நோக்கித் தூக்காமல், இலக்கின் நேரே வைத்தபடி இழுக்க இயலாதவருக்கு அவ்வில் மிகையானது. வானை நோக்கி இழுக்கையில் அம்பு தவறி விடுபட்டால், அது களத்தைத் தாண்டிச் சென்று யார்மீது விழும் என்று சொல்ல முடியாது.

களத்தில் அனைவரும் ஒரே எய்தல் கோட்டில் நிற்பர். இரண்டு விசில் ஒலித்தால் கோட்டிற்கு வருதல், ஒன்று ஒலித்தால் எய்தல், மூன்று ஒலித்தால் அம்பெடுக்கச் செல்லுதல் என்பது போட்டி வழக்கம். அம்பைப் பிடுங்குபவருக்குப் பின்னால் எவரும் நிற்கலாகாது. பிடுங்கும் வேகத்தில் அம்பின் பின்முனை கண்ணைத் தாக்கக்கூடும்.

காம்பவுண்ட் பிரிவினர் 50 மீட்டர் தொலைவிலிருந்து எய்கின்றனர். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. கண்ணுக்கும் வில்லின் குறிகாட்டிக்கும் இடைப்பட்ட தொலைவு 80 செ.மீ. எனக் கொண்டால், குறிகாட்டியில் நேரும் ஒரு மில்லிமீட்டர் விலகல் இலக்கில் 6 செ.மீ.க்கு மேல் ஆகிவிடும். அம்பு பத்தை விட்டு வெளியேற அதுவே போதும். ஆகவே வில்லை இறுகப் பற்றுவது கூடாது. பிடி உள்ளங்கையின் கட்டைவிரல் பக்க மேட்டில் தங்கி, விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். இழுத்த கை ஒவ்வொரு முறையும் தாடையின் அதே இடத்தைச் சேர வேண்டும். நாணில் பதித்த சிறு துளையின் வழியே குறிகாட்டியின் வளையம் நடுவாகத் தெரிய, அதிலுள்ள குமிழ்மட்டம் வில் சாயவில்லை என்பதைச் சொல்லும். நாணை விடுவிக்கும் சிறு கருவியை விரலால் வெடுக்கென்று தட்டாமல், முதுகுத் தசைகளை மெல்ல இறுக்கி இயக்குவர். அம்பு எப்போது விடுபடும் என்பதை எய்பவரே துல்லியமாக அறியாதிருப்பது நல்லது! அறிந்தால் உடல் முன்கூட்டியே அதிர்ந்துவிடும்.

உடல் வேறுபட்டாலும் இவ்வொழுங்கு மாறுவதில்லை. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவி கைகளின்றிப் பிறந்தவர். அமர்ந்த நிலையில் வலக்காலால் வில்லைத் தாங்கி, வலத்தோளால் நாணைப் பின்னிழுத்து, தாடையின் உதவியால் விடுவிக்கிறார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார்.

பயிற்சியில் எளிதாகத் தோன்றி, போட்டியில் மிகக் கடினமாவது எய்யாமல் விடுதல். தனிநபர் ஆட்டத்தில் ஓர் அம்புக்குக் கிடைப்பது 20 நொடி. குறி அலைகிறது, மூச்சு தடுமாறுகிறது, நேரம் ஓடுகிறது. ‘எய்துவிடு’ என்று மனம் உந்துகிறது. அப்போது விரலை விசையிலிருந்து விலக்கி, அம்பு முனையை இலக்கிலிருந்து அகற்றாமல், நாணை மெல்ல முன்கொணர வேண்டும். சக்கரம் திரும்பும் இடத்தில் தளர்ந்திருந்த சுமை ஒரே கணத்தில் திரும்பி வந்து கையை முன்னோக்கி இழுக்கும். அதை எதிர்பார்த்திருப்பவரே தோள் சுளுக்காமல் தாங்குவர். பின்னர் ஒரு மூச்சு. மீண்டும் முதலிலிருந்து இழுப்பு.