சூட்கேஸ் சொக்லேட்டும் கித்துள் பாணியும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் குருக்கள்மடத்தைத் தாண்டினால் செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தென்னைகளோடு ஊர். இந்த எழுவான்கரை ஊர்களுக்கு இனிப்பு மூன்று வழியாக வருகிறது. லண்டன், சூரிச், ரொறன்ரோ என்று பிரிந்து போனவர்கள் விடுமுறைக்குத் திரும்பும்போது சூட்கேஸில் சொக்லேட்டாக வருகிறது. பெட்டிக்கடைப் போத்தலில் ரொபியாக வருகிறது. தயிர்ச்சட்டிக்குத் துணையாகக் கித்துள் பாணியாகவும் பனங்கட்டியாகவும் வருகிறது. மூன்றைப் பற்றியும் வீட்டுக்கு வீடு அசைக்க முடியாத கருத்துகள் உண்டு. அவற்றில் சிலவற்றைக் கிளறிப் பார்ப்பது உடம்புக்கும் நல்லது, மனச்சாட்சிக்கும் நல்லது.

"நாட்டுச் சாமான், ஒண்டும் செய்யாது"

சலரோகம் என்று வைத்தியர் சொன்ன மறுநாள் பல வீடுகளில் நடப்பது இதுதான்: சீனிப் போத்தல் அலமாரிக்குள் போகும், பனங்கட்டி மேசைக்கு வரும். பிளேன்ரீயோடு ஒரு துண்டு கடித்துக்கொள்ளலாம். "நாட்டுச் சாமான் மனே, ஒண்டும் செய்யாது" என்று வீட்டில் மூத்தவர் உத்தரவாதமும் தருவார்.

உடம்பு அந்த உத்தரவாதத்தை ஏற்பதில்லை. பனங்கட்டி, கித்துள் கருப்பட்டி, தென்னம்பாளைச் சீனி எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்குரோசு. கடைச் சீனியில் இருப்பதும் அதே சுக்குரோசு. குடலுக்குள் போனபின் அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று எந்த நொதியும் விசாரிப்பதில்லை. பனங்கட்டியில் பொட்டாசியமும் கொஞ்சம் இரும்பும் உண்டு என்பது உண்மை. ஆனால் இரும்புக்காகப் பனங்கட்டியை நம்புகிறவர், தேவையான இரும்பு சேர்வதற்கு முன்பே தேவையில்லாத சீனியை மலையாகச் சேர்த்துவிடுவார். அதற்கு முருங்கைக் கீரையும் நெத்தலியும் எவ்வளவோ மேல்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், ஒருவர் உண்ணும் மொத்தச் சக்தியில் பத்திலொரு பங்குக்கு மேல் சேர்த்த சீனியிலிருந்து வரக் கூடாது என்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம். அதையும் பாதியாக்கி 25 கிராமில் நிறுத்தினால் இன்னும் நல்லது. இந்தக் கணக்கில் சீனியோடு தேன், பாணி, பழச்சாறு எல்லாமே அடங்கும். முழுப் பழத்தில் உள்ள சீனி அடங்காது. இதைத் தயிர்ச்சட்டிக்குப் பொருத்திப் பார்த்தால் சங்கதி விளங்கும். எருமைத் தயிர் மேல் இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணி ஊற்றினால், அந்த 25 கிராம் அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு குடிக்கும் தேநீரில் போடுவதெல்லாம் மேலதிகம். தயிரோடு கதலிப்பழத்தைப் பிசைந்து, பாணியை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துகிறவர் ருசியில் எதையும் இழப்பதில்லை. மட்டக்களப்புத் தயிரின் புளிப்பு தனியாகவே நிற்கக்கூடியது. அதைப் பாணியில் மூழ்கடிப்பது தயிருக்குச் செய்யும் அவமரியாதை என்றும் சொல்லலாம்.

தென்னம்பாளைச் சீனி இரத்தத்தில் சீனியை மெதுவாகத்தான் ஏற்றும் என்று பொதிகளில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பேச்சின் மூலம் பிலிப்பைன்சில் நடந்த ஒரு சிறு சோதனை. பத்துப் பேரை வைத்துச் செய்த அதில், சீனி ஏறும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் சுட்டெண் 35 என்று வந்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்தார் அளந்தபோது 54 வந்தது. வெள்ளைச் சீனிக்கு 65 அளவு. வித்தியாசம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு கரண்டியை இரண்டாக்குவதற்கான அனுமதிச் சீட்டும் இல்லை.

சிவப்புச் சீனிக்கும் இதே தீர்ப்புத்தான். பெலவத்தையிலும் செவனகலையிலும் கரும்பு வளர்க்கும் விவசாயிக்கு வருமானம் சேரட்டும் என்று வாங்கினால் அது நியாயமான காரணம். வெள்ளையை விட உடம்புக்கு நல்லது என்று வாங்கினால், அதிகம் கொடுக்கும் காசு அதில் ஒட்டியிருக்கும் சிறிதளவு கழிப்பாகின் நிறத்துக்குப் போகிறது.

தேனைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. மீன்பாடும் தேனாடான மட்டக்களப்பில் தேனைக் குறை சொல்வது கொஞ்சம் சங்கடந்தான். ஆனாலும் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் ஆபத்தானது. தேனில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியாவின் வித்திகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றைச் சமாளிக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கலாம், தசைகள் தளர்ந்து மூச்சே நிற்கலாம். தேன் எவ்வளவு சுத்தமானது, எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் இதில் உதவாது.

"கறுப்புச் சொக்லேட் மருந்து"

2015இல் ஜேர்மனியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜோன் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், ஆவணப்படக்காரர்கள் சிலரோடு சேர்ந்து, வேண்டுமென்றே மோசமாக வடிவமைத்த ஓர் ஆய்வை நடத்தினார். பதினைந்து பேர், மூன்று வாரம், பதினெட்டு விதமான அளவீடு. இத்தனை அளவீடுகளில் ஏதாவது ஒன்று தற்செயலாகவேனும் ஒரு முடிவைக் காட்டும் என்று அவருக்குத் தெரியும். அப்படியே காட்டியது: கறுப்புச் சொக்லேட் தின்றவர்களுக்கு எடை விரைவாகக் குறைந்ததாம். காசு கட்டினால் போடும் ஒரு சஞ்சிகை அதைப் பிரசுரித்தது. ஐரோப்பாவின் பெரிய நாளிதழ்களில் ஒன்றான 'பில்ட்' தொடக்கம் பல நாடுகளின் ஊடகங்கள் வரை செய்தியாக்கின. பிறகு அவரே எழுந்து, எல்லாம் ஊடகங்களைச் சோதிக்கச் செய்த விளையாட்டு என்றார். விளையாட்டு என்ற செய்தி, முதற்செய்தி போன தூரத்துக்குப் போகவில்லை.

கொக்கோவில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதிலுள்ள பிளாவனோல்கள் இரத்தக் குழாய்கள் இளகி இருக்க உதவுகின்றன. அமெரிக்காவில் 21,442 பேரை வைத்து நடத்திய கொஸ்மோஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் பிளாவனோல் எடுத்தவர்களிடம் இதயநோயால் இறப்பது குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய எல்லாவற்றையும் கூட்டிய மொத்தக் கணக்கில் உறுதியாகச் சொல்லத்தக்க குறைவு தெரியவில்லை. அவர்கள் எடுத்தது குளிசை, சொக்லேட் இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர்களில் சொக்லேட் நிறுவனமான மார்ஸும் ஒன்று என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் சொக்லேட் பலகையில் எவ்வளவு பிளாவனோல் மிஞ்சியிருக்கும் என்பது இன்னொரு கேள்வி. கசப்பைப் போக்கவும் நிறம் கறுக்கவும் கொக்கோவுக்குக் காரம் ஏற்றுவார்கள், அதில் பிளாவனோலின் பெரும்பகுதி அழியும். அதனால் நிறம் கறுப்பு என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் 2022 டிசம்பரில் 28 கறுப்புச் சொக்லேட்டுகளைச் சோதித்தது. அவற்றில் 23இல், நாளுக்கு 28 கிராம் தின்றாலே ஈயமோ கட்மியமோ அந்த அமைப்பு வைத்துக்கொண்ட எல்லையைத் தாண்டும் அளவு இருந்தது. கட்மியத்தை மரம் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. ஈயம் பெரும்பாலும் கொட்டை காயும்போது தூசியாகப் படிகிறது. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஓரிரு துண்டு ருசித்துத் தின்னும் பண்டத்தை நாளாந்தக் கஷாயமாக்க வேண்டாம், அவ்வளவுதான்.

"வெளிநாட்டுச் சொக்லேட்தான் அசல்"

சுவிற்சர்லாந்தில் ஒரு கொக்கோ மரமும் வணிகத்துக்காக வளர்வதில்லை. அந்த நாட்டின் அடையாளமாக விற்ற டொப்லரோன், உற்பத்தியின் ஒரு பகுதி சிலோவாக்கியாவுக்குப் போனதால், 2023இல் தன் உறையிலிருந்த மாற்றர்ஹோர்ன் மலையை எடுக்க வேண்டி வந்தது. பிரித்தானியாவில் விற்கும் கட்பரி டெய்ரி மில்க்கில் 100 கிராமுக்கு 56 கிராம் சீனி. சூட்கேஸிலிருந்து எடுத்துப் பங்கு வைக்கும்போது தூக்கலாகத் தெரிவது கொக்கோவை விட அந்தச் சீனிதான்.

இலங்கையில் மென்பானங்களுக்கு 2016 ஓகஸ்டிலிருந்து சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயம். பிறகு பொதி செய்த தின்பண்டங்களுக்கும் அது வந்தது. சூட்கேஸில் வருவதில் பெரும்பாலும் அந்த நிறவட்டம் இருக்காது. பின்புறச் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் அதில் அதிகம். அது சீனியாக இருந்தால், கையில் இருப்பது கொக்கோ மணக்கும் சீனி.

மலிவான உள்ளூர்ப் பண்டங்கள் சிலவற்றில் இன்னொரு வித்தை. கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸ் அளவில் உருகும். மட்டக்களப்பு வெயிலில், குளிர்பெட்டி இல்லாத கடையில், அசல் சொக்லேட் மத்தியானத்துக்குள் கூழாகிவிடும். அதனால் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பைச் சேர்த்துச் செய்கிறார்கள். அது உருகாமல் நிற்கும், வாயிலும் மெழுகாக நிற்கும். உருகி மறுபடி இறுகிய அசல் சொக்லேட்டின் மேல் வெள்ளையாகப் படர்வதைப் பூஞ்சணம் என்று வீசிவிடுகிறார்கள். அனேகமாக அது மேலே வந்து உறைந்த கொக்கோ வெண்ணெய். ருசி சற்று மங்கியிருக்கும், தின்னலாம்.

"இனிப்புத் தின்றால் பூச்சி வரும்"

வராது. வட்டப்புழுவும் கொக்கிப்புழுவும் மலம் கலந்த மண்ணிலிருந்து, கழுவாத கையாலும் வெறுங்காலாலும் வருகின்றன. பூச்சிக் குளிசையும் செருப்பும் சவர்க்காரமும் செய்யும் வேலையை ரொபிப் போத்தலை ஒளித்துச் செய்ய முடியாது.

பல்லுக்குக் கெடுதல் என்பது உண்மை. அது எப்படி உறுதியானது என்ற கதை இனிப்பாக இல்லை. சுவீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் என்ற மருத்துவமனையில், 1940களின் நடுவில் தொடங்கி, அறிவுக்குறைபாடு உள்ள நோயாளிகளுக்கு ஒட்டும் ரொபியைத் தின்னக் கொடுத்துச் சோதித்தார்கள். சிலருக்கு நாளொன்றுக்கு 24 ரொபி. இனிப்புத் தொழில் நிறுவனங்களும் அதற்குப் பணம் கொடுத்தன. சம்மதம் சொல்லவும் மறுக்கவும் இயலாத அந்த மனிதர்களின் பற்கள் சொத்தையாகிப் பாழாயின. தெரியவந்தது இதுதான்: எவ்வளவு தின்றார்கள் என்பதை விட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருந்தது என்பதே பல்லைக் கெடுத்தது. அதிலிருந்துதான் சுவீடன் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் இனிப்பு என்ற வழக்கம் பரவியது.

கச்சான் அல்வாவும் எள்ளுருண்டையும் பண்டிகைக்குப் பண்டிகை செய்த காலத்தில், அந்த ஒழுங்கு இங்கேயும் யாரும் போதிக்காமலே இருந்தது. இப்போது ரொபி பிள்ளையின் சட்டைப்பையில் நாள் முழுக்க இருக்கிறது.

"முத்திரை இருந்தால் பாவம் இல்லை"

உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்காபிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களை மோசமான வேலைகளில் ஈடுபடுத்துவதை 2005க்குள் ஒழிப்பதாகப் பெரிய சொக்லேட் நிறுவனங்கள் 2001இல் ஹார்க்கின்–ஏங்கல் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. தவணை 2008க்கும் 2010க்கும் தள்ளிப்போனது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் நோர்க் நிறுவனம் 2020இல் கொடுத்த அறிக்கைப்படி, அந்த இரண்டு நாடுகளிலும் கொக்கோ வேலையில் சிக்கியிருந்த சிறுவர்கள் சுமார் 15 இலட்சத்து 60 ஆயிரம் பேர். எல்லாரும் கடத்தி வரப்பட்ட அடிமைகள் என்று நினைப்பதும் பிழை. பெரும்பாலானவர்கள் தங்கள் குடும்பத் தோட்டத்திலேயே வெட்டுக்கத்தி பிடிக்கிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கத் தகப்பனுக்கு வருமானம் போதாது.

நியாய வர்த்தக முத்திரை அந்தத் தகப்பனுக்கு ஒரு குறைந்தபட்ச விலையையும் அவர் சேர்ந்த சங்கத்துக்கு ஒரு மேலதிகத் தொகையையும் உறுதிசெய்கிறது. அது பெரிய காரியம். ஆனால் கொக்கோவில் அளவுச் சமநிலை என்ற முறையை அது அனுமதிக்கிறது: முத்திரைத் தோட்டத்துக் கொட்டையும் மற்றதும் தொழிற்சாலையில் கலக்கலாம், வாங்கிய அளவுக்குச் சமமான அளவு முத்திரையோடு விற்கலாம். ஆகவே அந்தப் பலகையில் அந்தத் தோட்டத்துக் கொட்டை இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

இன்னும் நெருக்கமான வழிகள் உண்டு. தென்னிந்தியாவில் 1970களின் இறுதியில் கொக்கோவை வாங்குவார் இல்லாமல் போனபோது, பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான கேம்ப்கோ கொள்முதலில் இறங்கி, 1986இல் புத்தூரில் சொந்தமாகச் சொக்லேட் தொழிற்சாலையே திறந்தது. ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் விளையும் கொட்டையைத் தேடி வாங்கிப் பலகையாக்குகிறது. இலங்கையிலும் மாத்தளை, கண்டிப் பக்கம் கொக்கோ விளைகிறது, ஆனால் குறைவு. உள்ளூர் உறையில் வந்தால் உள்ளூர்க் கொட்டை என்று எண்ணிவிட முடியாது.

மேற்காபிரிக்கா பற்றிப் பேசுகிறவர்கள் பனை ஏறுகிறவரைச் சேர்த்துப் பேசுவதில்லை. கருப்பநீரில் சீனி நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுதான். ஒரு கிலோ கட்டி காய்ச்ச ஏழெட்டு லீற்றர் வேண்டும். அதற்காக ஒருவர் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குகிறார், பிறகு விறகு வைத்து மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். கித்துளுக்கும் இதே பாடு. இவ்வளவும் செய்து வந்த பாணி கடைச் சீனியின் விலைக்குக் கிட்ட விற்கிறது என்றால், போத்தலுக்குள் பாதி கடைச் சீனிதான். மலிவு பார்த்து அதை எடுக்கும்போது ஏறியவருக்குப் போக வேண்டிய காசு கலப்படக்காரருக்குப் போகிறது. வடக்கில் 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, மரமேறும் குடும்பத்திடம் நேரடியாகவோ, விலை கூடினாலும், அரைக் கிலோவாக வாங்கலாம். சொன்ன அளவில் தின்றால் அரைக் கிலோ ஒரு வீட்டுக்கு நெடுநாள் வரும்.