டிரா மீது எவ்வளவு பழி போடலாம்?

அன்புள்ள பாப்பா,

மாவட்ட டென்னிஸ் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். நீ சொன்ன காரணத்தையும் சொன்னாள்: "டிரா சரியா அமையல." எடுத்த எடுப்பிலேயே முதல்நிலை ஆட்டக்காரி எதிரே வந்து நின்றால் யாருக்கும் அந்த எண்ணம்தான் வரும். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எவ்வளவு உண்மை என்று அளந்து பார்க்க, யார் யாரோடு மோதுவது என்று குலுக்கிப் போடும் டிரா அட்டவணையை வாசிக்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லித்தரத்தான் இந்தக் கடிதம்.

வாசித்துப் பழக 2021 அமெரிக்க ஓபன் மகளிர் ஒற்றையர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் கிடைக்கும். பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் அதன் அமைப்பு. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 பேர். ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 128, 64, 32 என்று பாதி பாதியாகக் கழிந்து, ஏழாவது சுற்றின் முடிவில் ஒருவர் மிஞ்சுவார். மொத்தம் 127 ஆட்டங்கள். 128 இடங்களில் 104 இடங்கள் தரவரிசை அடிப்படையில் நேரடியாக நிரம்பிவிடும். 8 இடங்கள் வைல்டு கார்டு. போட்டியை நடத்துபவர்கள் தாமாகப் பார்த்துக் கொடுப்பவை. மீதி 16 இடங்களுக்காகப் பிரதான சுற்று தொடங்குவதற்கு முன்பே இன்னொரு 128 பேர் தகுதிச் சுற்றில் மோதுவார்கள். அங்கே தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்றவர்களுக்கு மட்டுமே உள்ளே இடம்.

சில பெயர்களுக்குப் பக்கத்தில் 1 முதல் 32 வரை எண் இருப்பதைப் பார். தரவரிசையில் முன்னணியில் இருப்பதால் சீட் கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். முதல்நிலை வீராங்கனை அட்டவணையின் உச்சியில், இரண்டாம் நிலை வீராங்கனை அடியில். இறுதிச் சுற்று வரை இருவரும் சந்திக்க வழியில்லை. நான்கு நான்கு பெயராகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு நான்கிலும் ஒரு சீட்தான் இருக்கும். அதனால் மூன்றாவது சுற்றுக்கு முன் சீட் பெற்ற இருவர் மோத முடியாது. இதைப் பெரிய ஆட்டக்காரர்களுக்குக் காட்டும் சலுகை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் குலுக்கலுக்கே விட்டால் முதல் இருவரும் முதல் நாளே மோதி, ஒருவர் வீட்டுக்குப் போய்விடக்கூடும். ஆண்டு முழுக்க ஆடிச் சேர்த்த மதிப்புக்கு அட்டவணை கொடுக்கும் பாதுகாப்புதான் சீட். எண் இல்லாத மற்ற 96 பேரும் எங்கே விழுவார்கள் என்பது குலுக்கலின் கையில். நீ சொல்லும் 'டிரா அமைவது' இந்த 96 பேரின் கதை.

இப்போது அட்டவணையின் மேல்பாதியில் எம்மா ரடுகானு என்ற பெயரைத் தேடு. பிரிட்டனைச் சேர்ந்தவர், அப்போது வயது 18, உலகத் தரவரிசையில் 150-வது இடம். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று உள்ளே வந்தார். கொரோனா காலம் என்பதால் அந்தத் தகுதிச் சுற்றுக்குப் பார்வையாளர்களையே விடவில்லை. அது முடிந்ததும் ஊர் திரும்ப விமான டிக்கெட் போட்டுவைத்திருந்ததாக அவரே பின்னால் சொன்னார்.

அவருடைய முதல் சுற்று எதிராளியாக விழுந்தவர் அமெரிக்காவின் ஜெனிஃபர் பிரேடி, 13-ம் நிலை வீராங்கனை. அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் இறுதிச் சுற்று வரை போனவர். ஆனால் காயத்தால் பிரேடி விலகிவிட்டார். அட்டவணையில் அந்த இடத்தில் ஸ்டெஃபனி வோகலே என்ற பெயரும், பக்கத்தில் 'லக்கி லூசர்' என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் இருக்கும். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்று, யாராவது விலக மாட்டார்களா என்று காத்திருப்பவர்களே லக்கி லூசர்கள். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் கடைசி நேரத்தில் கன்ஃபர்ம் ஆவது மாதிரி. ரடுகானு வோகலேயை 6-2, 6-3 என்று வென்றார்.

அதே பகுதியின் உச்சியில் ஆஷ்லி பார்ட்டி இருக்கிறார். அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனை, அந்த ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன். கணக்குப்படி நான்காவது சுற்றில் ரடுகானு மோதியிருக்க வேண்டியது அவரோடுதான். ஆனால் மூன்றாவது சுற்றில் ஷெல்பி ரோஜர்ஸுக்கு எதிராகக் கடைசி செட்டில் 5-2 என்று முன்னிலையில் இருந்த பார்ட்டி, டைபிரேக்கில் தோற்றுப்போனார்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடு. இடது பக்கம் 'அதிர்ஷ்டம்' என்று எழுது. பிரேடியின் காயம், பார்ட்டியின் தோல்வி இரண்டும் அங்கே போகட்டும். போட்டி முழுவதும் முதல் பத்து நிலைகளில் உள்ள யாரையும் ரடுகானு சந்திக்கவே இல்லை. அதையும் சேர்த்துக்கொள். 'ஓசியில் கிடைத்த பட்டம்' என்று சொன்னவர்களின் வாதம் இவ்வளவுதான். இதை மறைக்க வேண்டியதில்லை.

வலது பக்கம் 'ஆட்டம்' என்று எழுது. பார்ட்டியை வீழ்த்திய ரோஜர்ஸ், அடுத்த ஆட்டத்தில் ரடுகானுவிடம் 6-2, 6-1 என்று சரிந்தார். கால் இறுதியில் எதிரே வந்த பெலிண்டா பென்சிச், சில வாரங்களுக்கு முன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்றவர், 6-3, 6-4. அரை இறுதியில் மரியா சக்காரி, 17-ம் நிலை, 6-1, 6-4. ஸ்கோர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வா. பிரதான சுற்றின் ஏழு ஆட்டங்களில் எந்த செட்டிலும் எதிராளிக்கு நான்கு கேமுக்கு மேல் அவர் கொடுக்கவில்லை. தகுதிச் சுற்றையும் சேர்த்தால் பத்து ஆட்டம், இருபது செட், ஒன்றைக்கூட இழக்கவில்லை. குலுக்கல் எதிராளியின் பெயரைத்தான் தரும். 6-1 என்பதை எந்தக் குலுக்கலும் எழுதித் தராது.

அட்டவணையில் இல்லாத ஒன்றும் வலது பக்கத்தில் வரும். அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் விம்பிள்டன் தொடங்கியபோது ரடுகானுவின் தரவரிசை 338. வைல்டு கார்டில் நுழைந்து நான்காவது சுற்று வரை போய், மூச்சுவிடச் சிரமப்பட்டுப் பாதி ஆட்டத்தில் விலகினார். பிறகு ஆகஸ்டில் சிகாகோவில் ஒரு சிறிய போட்டியின் இறுதிச் சுற்றில் கிளாரா டாசனிடம் தோற்றார். அந்தத் தோல்வி வரை ஆடிச் சேர்த்த புள்ளிகள்தான் அவரை 150-க்குக் கொண்டுவந்தன.

அட்டவணையின் கீழ்ப்பாதிக்கு வா. அங்கே கனடாவின் லெய்லா ஃபெர்னாண்டஸ். தரவரிசை 73, இடது கை ஆட்டக்காரர். போட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் 19 வயது நிறைந்தது. மோசமான டிரா என்றால் என்னவென்று இவரிடம்தான் கேட்க வேண்டும். மூன்றாவது சுற்றில் முந்தைய ஆண்டு சாம்பியன் நவோமி ஒசாகா. அடுத்து ஏஞ்சலிக் கெர்பர். அடுத்து 5-ம் நிலை எலினா ஸ்விடோலினா. அரை இறுதியில் 2-ம் நிலை அரீனா சபலென்கா. நால்வரையும் மூன்று மூன்று செட் ஆடி வென்றார். ஒசாகா ஆட்டத்தில் தோல்விக்கு ஒரு கேம் தூரத்தில் நின்றவர், டைபிரேக்குக்கு இழுத்துப் போய்த் திருப்பினார்.

ஆக, இறுதிச் சுற்றில் ஒரு பக்கம் லேசான பாதையில் வந்தவர், மறுபக்கம் முள்பாதையில் வந்தவர். எத்தனை செட் ஆடிவிட்டு வந்தார்கள் என்று கூட்டிப் பார். ஃபெர்னாண்டஸ் 6 ஆட்டங்களில் 16 செட். ரடுகானு தகுதிச் சுற்றோடு சேர்த்து 9 ஆட்டங்களில் 18 செட். டிவியில் தெரியும் அட்டவணையை மட்டும் பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை.

2021 செப்டம்பர் 11, நியூயார்க், ஆர்தர் ஆஷ் அரங்கம். முதல் செட் 6-4 என ரடுகானுவுக்கு. இரண்டாவது செட்டில் 5-2 என்று இருந்தபோது, ஃபெர்னாண்டஸின் சர்வீஸில் இரண்டு மேட்ச் பாயிண்ட் கிடைத்தும் நழுவின. 5-3. இப்போது ரடுகானு சர்வீஸ். 30-30-ல் ஒரு பந்தைத் துரத்திச் சறுக்கியதில் இடது முழங்கால் கிழிந்து ரத்தம் வழிகிறது. அந்தப் பாயிண்டும் போகிறது. ரத்தம் வழிந்தால் கட்டுப் போடாமல் ஆடக் கூடாது என்பது விதி. ஆட்டம் நிற்கிறது. பிரேக் பாயிண்ட் வாய்ப்போடு வேகம் பிடித்த ஃபெர்னாண்டஸ் அதிகாரியிடம் முறையிடுகிறார். அவர் நிலையில் யாருக்கும் கோபம் வரும். கட்டுப் போட்டுக்கொண்டு வந்த ரடுகானு அந்த பிரேக் பாயிண்டைக் காப்பாற்றி, மூன்றாவது மேட்ச் பாயிண்டில் ஏஸ் அடித்து முடித்தார். 6-4, 6-3. தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் நபர் அவர். ஆண்களிலும் அதுவரை யாரும் இல்லை.

கதை இங்கே முடியவில்லை. டென்னிஸில் ஒரு போட்டியில் சேர்த்த புள்ளிகள் 52 வாரம்தான் கணக்கில் இருக்கும். அடுத்த ஆண்டு அதே போட்டியில் ரடுகானு 11-ம் நிலை வீராங்கனை. முதல் சுற்றுக் குலுக்கலில் எதிரே வந்தவர் அலிஸே கார்னே. சீட் இல்லாதவர்தான், ஆனால் அந்த ஆண்டு விம்பிள்டனில் இகா ஸ்வியாடெக்கின் 37 தொடர் வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர். ரடுகானு 6-3, 6-3 என்று தோற்றார். சாம்பியன் பட்டத்தின் புள்ளிகள் மொத்தமும் கழிந்து, 11-வது இடத்திலிருந்து 83-க்கு இறங்கினார். முதல் ஆண்டு பிரேடியை விலக்கிக் கொடுத்த அதே அதிர்ஷ்டம்தான் மறு ஆண்டு கார்னேயைக் கொண்டுவந்து நிறுத்தியது. டிரா யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. யாருக்கும் பகையாளியும் இல்லை.

128 பெயர் மலைப்பாக இருந்தால் நம் நுங்கம்பாக்கத்தில் 2022-ல் நடந்த சென்னை ஓபன் அட்டவணையில் தொடங்கு. 32 பெயர், 8 சீட், ஐந்து சுற்று. ஒரே பக்கத்தில் அடங்கும். முதல்நிலை வீராங்கனை அலிசன் ரிஸ்க்-அமிர்தராஜ் இரண்டாவது சுற்றோடு வெளியேறினார். 17 வயது செக் வீராங்கனை லிண்டா ஃப்ருவிர்தோவா, முதல் செட்டை இழந்த பிறகும் மக்தா லினெட்டை வென்று பட்டம் எடுத்தார். அங்கேயும் நடுக்கோடு போட்டுப் பழகு.

அப்புறம் உன் மாவட்டப் போட்டியின் அட்டவணையை எடு. உன்னை வென்ற பெண்ணின் பெயரை விரலால் தொட்டுக்கொண்டே கடைசிச் சுற்று வரை போ. அடுத்தடுத்து வந்தவர்கள் அவளிடம் எத்தனை கேம் எடுத்தார்கள் என்று எழுது. நீ எடுத்ததை அதற்குப் பக்கத்தில் எழுது. அரை இறுதிக்கு வந்தவளைவிட நீ அதிகம் எடுத்திருந்தால், டிரா மேல் தாராளமாகப் பழி போடலாம். நானும் கூடச் சேர்ந்து போடுகிறேன். குறைவாக எடுத்திருந்தால், எந்தக் கேம்கள் எப்படிப் போயின என்று கோச்சிடம் உட்கார்ந்து பேசு. உன் சர்வீஸில் போனவற்றை முதலில் கேள். அவை உன் கையில் இருந்தவை.

எண்களை எழுதி முடித்ததும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு. அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா