காடும் கமமும்

கமக்காரர்களே! காடு அரசாங்கத்துக்கு உரியது, அதனைக் காத்தல் நமது வேலையன்று என எண்ணுதல் தவறாகும். வரண்ட வலயத்தில் கமத்தின் உயிர் குளமே. குளத்துக்கு மேலுள்ள காட்டை அழித்தால், மாரி மழை மண்ணை அரித்துக் குளத்திற் சேர்க்கும். குளம் தூர்ந்து, கொள்ளும் நீர் குறையும்; சிறுபோகம் தவறும்.

1956ஆம் ஆண்டில் இலங்கை நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடாயிருந்தது. 2010இல் அது 30 பங்குக்குச் சற்றுக் குறைந்தது. 1990இல் இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்காக மரந்தறித்தல் தடுக்கப்பட்டது. எஞ்சிய காடுகளைக் காத்தல், நாட்டுக்கு வேண்டிய மரத்தை வீட்டு வளவுகளிலும் தோட்டங்களிலும் வளர்த்தல், அயலிலுள்ள மக்களை இப்பணியிற் சேர்த்தல் என்பன 1995ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையின் நோக்கங்களாம். 2030க்குள் காட்டை 32 பங்காகப் பெருக்குவது அரசாங்கத்தின் இலக்கு.

இதில் நீங்கள் செய்யவேண்டியவை:

1. குளத்தின் நீரேந்து நிலத்திலும் ஓடைக்கரைகளிலும் காடு வெட்டிச் சேனை செய்யாதீர்கள்.

2. வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதியால் நடுங்கள். அதன் குழை வயலுக்குப் பசளை. தடி அடுப்புக்கு விறகு.

3. வளவின் எல்லையில் வேம்பு, தேக்கு முதலிய கன்றுகளை மாரி மழை தொடங்கியதும் நடுங்கள். அவை உயரும்வரை ஆடுமாடு கடியாதவாறு அடைத்துக் காத்திடுங்கள்.

4. தறித்த மரத்தை ஏற்றிச் செல்லுமுன், அனுமதிப்பத்திரம் வேண்டுமா எனக் கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள்.

வளவில் விறகும் மரமும் உண்டாயின் காட்டிற் கோடரி விழாது. காடு நின்றால் குளம் தூராது. குளம் தூராதிருப்பின் வயல் விளையும்.