செம்மரமும் டி.என்.ஏ. பார்கோடும்

கடையில் வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தின் மேல் கறுப்புக் கோடுகள் சில அச்சிட்டிருப்பதை நாம் பார்க்கிறோம். இயந்திரம் அவற்றைப் படித்தவுடன் பொருளின் பெயரும் விலையும் தெரிந்துவிடுகின்றன. உயிரினங்களையும் இவ்வாறே அவற்றின் டி.என்.ஏ.யிலுள்ள ஒரு சிறு பகுதியைப் படித்து அடையாளம் காணலாம் என்று 2003-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி பால் ஹீபர்ட் எடுத்துரைத்தார்.

விலங்குகளுக்குப் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு ஜீன் போதும். தாவரங்களில் அது மிக மெதுவாக மாறுவதால், இனத்துக்கு இனம் வேற்றுமை தெரிவதில்லை. எனவே 2009-இல் பசுங்கணிகத்திலுள்ள ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்னும் இரு ஜீன்களைத் தாவரங்களுக்கெனத் தேர்ந்தெடுத்தனர்.

இலையும் பூவும் கண்முன் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று நாம் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செம்மரத்துக்குப் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள். அதன் உறவினமான வேங்கைக்கு ஐந்து முதல் ஏழு. காட்டில் நின்று பார்த்தால் குழப்பமே இல்லை. ஆனால் துறைமுகத்தில் பிடிபடுவது இலையல்ல, வெட்டிச் சீவிய கட்டை. சில சமயம் வெறும் தூள்.

செம்மரம் ஆந்திராவின் தென்பகுதியிலுள்ள சேஷாசலம், வெலிகொண்டா முதலிய மலைகளிலும், அவற்றை ஒட்டிய தமிழ்நாடு, கர்நாடகப் பகுதிகளில் சிறிதளவும் மட்டுமே இயற்கையாக வளர்வது. உலகில் வேறு காடு அதற்கில்லை. வளர்ச்சியோ மிக மெதுவு. 1995-இல் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தம் இதன் வாணிபத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆயினும் கடத்தல் நிற்கவில்லை.

பிடிபட்ட கட்டையிலிருந்து சிறிது சீவி, பொடித்து, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கிறார்கள். பி.சி.ஆர். முறையால் வேண்டிய பகுதியை மட்டும் பல லட்சம் பிரதிகளாகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிக்கிறார்கள். சொல்வது எளிது. வைரம் பாய்ந்த கட்டையில் உயிரணுக்கள் இறந்து வெகுகாலமாகியிருக்கும், டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். வெளிறுப் பகுதி கிடைத்தால் வேலை சற்று இலகு. நெருங்கிய இனங்களில் ஆர்.பி.சி.எல். ஒன்றுபோலவே இருப்பதுண்டு. ஆகையால் மேட்-கேயுடன், உட்கருவிலுள்ள ஐ.டி.எஸ். என்னும் பகுதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இவ்வளவு செய்தும், அது காட்டில் திருடிய மரமா, உழவர் தம் நிலத்தில் நட்டு வளர்த்த மரமா என்று பார்கோடு சொல்லாது.

படித்த வரிசையை எதனோடு ஒப்பிடுவது? இங்கேதான் பழைய தாவரவியல் கைகொடுக்கிறது. வல்லுநர் ஒருவர் பெயர் உறுதிசெய்து, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பாதுகாத்த செடியே ஒப்பீட்டுக்கு ஆதாரம். பெயர் தவறான செடியிலிருந்து எடுத்த பார்கோடு எத்தனை நுட்பமானதாயினும் பயனற்றது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் அருள்தந்தை கே.எம். மேத்யூ, சே.ச. அவர்கள் ஆண்டுக்கணக்கில் மலை மலையாகச் சேகரித்த செடிகள் இருக்கின்றன. தமிழகச் செடிகளைப் பற்றி அவர் 1980-களில் வெளியிட்ட பெருநூலுக்கு அவையே அடிப்படை. பார்கோடு என்ற பேச்சே இல்லாத காலத்தில் இவ்வாறு சேர்த்து வைத்த தாள்களிலிருந்துதான், இன்று பல நாட்டு ஹெர்பேரியங்களில் நகக்கண் அளவு இலை கிள்ளி எடுத்து டி.என்.ஏ. படிக்கிறார்கள்.