வயசைச் சொல்லத் தயங்காதே, தங்கச்சி

45-ஐத் தாண்டியாச்சு. யாராவது வயசு கேட்டா பேச்சை மாத்துறே. நரை தெரியுதுன்னு கல்யாண வீட்டுக்குப் போகத் தயங்குறே. அதைக்கூட விட்டுடலாம். டாக்டர் கேட்டாலும் மழுப்புறே பாரு, அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியலை. வயசை மறைக்கிறவ வலியையும் சேர்த்து மறைக்கிறா; அப்படி எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன். உனக்கு நேரமில்லைன்னு தெரியும். முக்கியமானதை மட்டும் சொல்றேன், கேட்டுக்கோ.

1. பீரியட்ஸ் தேதியைக் குறிச்சு வை.
காலண்டர்ல ஒரு புள்ளி போதும். நம்ம பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயசு வாக்குல நிக்குது. தொடர்ந்து 12 மாசம் வரலைன்னாத்தான் நின்னுடுச்சுன்னு கணக்கு. அதுவரைக்கும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கு, அலட்சியமா இருக்காதே. நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும், "சூடு பிடிச்சிருக்கும்"னு வெந்தயத்தை ஊறவச்சுக் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த வாரமே டாக்டரைப் பார். பல பேருக்குச் சின்னக் காரணமாத்தான் இருக்கும். ஆனா கர்ப்பப்பைப் புற்றுநோயும் பெரும்பாலும் இப்படித்தான் முதல்ல தலைகாட்டும். சீக்கிரம் போனா குணமாக்கிடலாம்.

2. கர்ப்பப்பையை எடுக்க அவசரப்படாதே.
"பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு"ன்னு பக்கத்து வீட்டுல சொல்வாங்க. நீயும் மாசாமாசம் படுற அவஸ்தையில தலையாட்டிடுவே. கொஞ்சம் பொறு. அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரை இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில் இருக்கு. நார்க்கட்டி பல பேருக்கு மாதவிடாய் நின்ன பிறகு தானா சுருங்கும். புற்றுநோய்னா பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும், அது வேற விஷயம். மத்தபடி ஆபரேஷன்னு சொன்னா இந்த மூணு கேள்வியைக் கேட்காம கையெழுத்துப் போடாதே:
• வேற வழி இருக்கா?
• சினைப்பையை விட்டு வைப்பீங்களா? (அதையும் எடுத்தா ஒரே நாள்ல மெனோபாஸ் வந்த மாதிரி ஆகிடும். எலும்பும் இதயமும் சீக்கிரமே பாதிக்கப்படலாம்.)
• இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாமா?

3. இலவசமாக் கிடைக்கிற பரிசோதனையை விடாதே.
அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல 30 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு பி.பி., சுகர் பார்க்கிறாங்க. பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் உண்டு. "கட்டி இருக்கு, ஆனா வலிக்கலையே"ன்னு தள்ளிப் போடாதே. வலிக்காத கட்டியைத்தான் முதல்ல காட்டணும்.

4. எல்லாத்தையும் வாயுன்னு சொல்லாதே.
மாதவிடாய் நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும், மாரடைப்பு ஆபத்து கூடும். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் அது வரலாம். தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்குறது, குமட்டல், காரணமில்லாத அசதி, இப்படியெல்லாம் வரும். ஓமத் தண்ணியும் சோடாவும் குடிச்சுட்டு, சமையலை முடிச்சுட்டுப் போகலாம்னு நினைக்கிறே பாரு, அந்த நேரம்தான் உயிரைக் காப்பாத்துற நேரம். அடுப்பை அணைச்சுட்டு 108-க்குப் போன் பண்ணு.

5. மாத்திரைகளை ஒரே வாயில போட்டுக்காதே.
நேரம் மிச்சம்னு நினைச்சு எல்லாரும் செய்யற தப்பு இது.
• தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல. அதுக்கப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம் காபி கிடையாது.
• அதுக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேணும்.
• இரும்புச் சத்து மாத்திரையைக் கால்சியத்தோடவும் சேர்க்காதே, டீயோடவும் சேர்க்காதே. உடம்புல ஒட்டாது.
மாதவிடாய் நின்ன பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் இருக்கு. பிள்ளைங்களுக்குப் பாலை ஊத்திட்டு நீ கட்டங்காபி குடிக்கிற பழக்கத்தை இன்னையோட விடு.

6. சமையல்கட்டுல நிக்கிறது உடற்பயிற்சி ஆகாது.
கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து 10 தடவை எழுந்து உட்கார். தொடைக்கு வலு வரும், வழுக்கி விழறது குறையும். தும்மினா, இருமினா சிறுநீர் கசியுதா? அதுக்காகத் தண்ணி குடிக்கிறதைக் குறைக்காதே, நீர்க்கடுப்புதான் மிச்சமாகும். சிறுநீரை அடக்குற மாதிரி அந்தத் தசையை இறுக்கி, 5 நொடி வச்சு, விடு. 10 தடவை, நாளைக்கு மூணு வேளை. பஸ்ல உட்கார்ந்துகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூணு மாசம் விடாமச் செய். அப்பவும் கசிஞ்சா டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லு. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

7. நரையை விடுறதும் சாயம் பூசறதும் உன் இஷ்டம்.
பூசறதா இருந்தா 48 மணி நேரம் முன்னாடி முழங்கை மடிப்புல துளி வச்சுப் பார். "கருப்பு மருதாணி"ன்னு விக்கிறது வெறும் மருதாணி இல்லை. மருதாணி இலை செம்பழுப்பாத்தான் பிடிக்கும். கருப்புக்காகச் சேர்க்கிற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்கற அளவுக்கு ஒத்துக்காமப் போகும். புடவைக் கலரைப் பத்தி யாராவது பேசினா காதுல வாங்காதே. பிடிச்ச சிவப்பை எடுத்துக் கட்டு.

8. வீட்டை எழுதிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நிதானி.
எனக்கு ரொம்பக் கவலை தர்ற விஷயம் இது. பிள்ளை மேல இருக்கிற பாசத்துல உன் பேர்ல இருக்கிற ஒரே வீட்டையும் தான செட்டில்மெண்ட் பண்ணிக் கொடுத்துடுறே. அதைத் திரும்ப வாங்குறது லேசான காரியம் இல்லை. உயில்னா நீ இருக்கிறவரைக்கும் வீடு உன்னுது, எப்ப வேணும்னாலும் மாத்தி எழுதலாம். ரெண்டு சாட்சி கையெழுத்து போதும், பதிவு கட்டாயமில்லை. சொத்து கிடைக்கப் போறவங்களையே சாட்சியாப் போடாதே. இப்பவே கொடுத்துத்தான் ஆகணும்னா, கடைசிவரைக்கும் பராமரிக்கணும்கிற நிபந்தனையையும், நீ அங்கேயே குடியிருக்கிற உரிமையையும் பத்திரத்துலயே எழுதச் சொல்லு. நிபந்தனை எழுத்துல இருந்து, அவங்க பார்த்துக்காமப் போனா, 60 வயசானவங்க 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர்கிட்ட (ஆர்.டி.ஓ.) மனு கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாய்வார்த்தையை நம்பிக் கொடுத்தவங்கதான் அலையறாங்க. கேட்டா பிள்ளை கோவிச்சுக்குமேன்னு பயப்படாதே. பார்த்துக்கணும்னு நினைக்கிற பிள்ளை அந்த வரியைப் பார்த்துக் கோவிச்சுக்காது.

பாஸ்புக், பத்திரம், மருத்துவ ரிப்போர்ட் மூணையும் ஒரே பைல்ல போடு. பைல் எங்கே இருக்குன்னு நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி வை. பீரோ சாவி மட்டும் உன்கிட்டயே இருக்கட்டும்.