பாடம் 7: ஒயில் எங்கே போகிறது?

பழைய கார், வேன் வைத்திருப்பவர்களுக்கு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மண் சரிந்தது. உயிர் தப்பிய குடும்பங்கள் முகாம் வாழ்க்கைக்குப் பிறகு மக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்கு வந்தன. வீடு கிடைத்த பின்னும் ஆஸ்பத்திரி, பாடசாலை, கடை எல்லாம் தூரத்தில்தான். அவசரம் என்றால் 1990க்கு அழைக்கலாம். ஆனால் மழை இரவில் தோட்டப் பாதையில் முதலில் கிளம்புவது பக்கத்து வீட்டு வேன்தான். அந்த வேனை நம்பி வைத்தியம் மட்டும் இல்லை, அதன் சொந்தக்காரருடைய வீட்டு அடுப்பும் இருக்கிறது. அதனால்தான் வாழ்வாதாரப் பகுதியில் இப்படி ஒரு பாடம்.

இதை எழுதும் நான் கலைப்பிரிவில் படித்தவள். பொனட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்று சாரதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். இதிலுள்ளவை பயிற்சி நாட்களில் அனுபவமுள்ள பாஸ்மாரின் பக்கத்தில் நின்று நான் கேட்டு எழுதியவை.

ஒரு பயிற்சி நாளில் பழைய வேன் வைத்திருக்கும் ஒரு அண்ணன் வந்தார். “தங்கச்சி, வாரத்துக்கு ஒரு தடவ ஒயில் ஊத்துறேன். எஞ்சின எறக்கணும்னு ஒரு கராஜ்ல சொல்லிட்டாங்க. வீட்டுக்காரி சங்கிலிய அடகு வைக்கலாம்னு இருக்கோம்” என்றார். அன்று அந்த வேனில் செய்து பார்த்ததைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறோம். முடிவு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் அளவைச் சரியாகப் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் சமதரை கிடைப்பது அரிது. சரிவில் நிறுத்திய வேனில் ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அங்கே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் இருக்கும் ஒயில் குறைவாகவும், குறைந்த ஒயில் சரியாகவும் தெரியலாம். பாதையில் மட்டமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அங்கேயே பாருங்கள்.

1. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடமாவது பொறுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பார்ப்பது இன்னும் நல்லது.
2. டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடையுங்கள். முழுவதும் உள்ளே விட்டு மறுபடி இழுங்கள். இரண்டாம் தடவை தெரிவதுதான் சரியான அளவு.
3. ஒயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. கூடினால் நுரைத்துப் புகையும், சீல்களையும் தள்ளும்.
4. ஒரு கொப்பியில் திகதி, மீட்டரில் உள்ள கிலோமீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் எழுதுங்கள்.

பழைய எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கத்தான் செய்யும். 1,000 கிலோமீட்டருக்குக் கால் லீட்டர் என்றால் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். 1 லீட்டரை நெருங்கினால் காரணத்தைக் கட்டாயம் தேட வேண்டும். கொப்பி இல்லாமல் இந்த வித்தியாசம் தெரியாது. “அடிக்கடி ஊத்துறேன்” என்பது அளவு அல்ல.

பழைய டூ-ஸ்ட்ரோக் திரீவீலில் பெற்றோலோடு சேர்ந்து ஒயிலும் எரிவது இயல்பு. இந்தப் பாடம் அதற்குப் பொருந்தாது.

ஒயில் போக மூன்று வழிகள்தான்

வெளியே ஒழுகும், உள்ளே எரியும், அல்லது தண்ணீரோடு கலக்கும். எந்த வழி என்று தெரியாமல் ஒரு ரூபாவும் செலவழிக்காதீர்கள்.

வழி 1: ஒழுகுதல்

இரவில் எஞ்சினுக்குக் கீழே பெரிய கார்ட்போட் மட்டையை விரித்து, முன் சக்கரம் இருக்கும் இடத்தை அதில் குறித்து வையுங்கள். காலையில் சொட்டுகளைப் பாருங்கள். தவிட்டு நிறம் அல்லது கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில். பச்சை அல்லது சிவப்புச் சாயத்தோடு தண்ணீர் போல இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்துப் பக்கம் தெளிந்த, வழுக்கும் திரவம் என்றால் பிரேக் ஒயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை நகர்த்தாமல் பாஸை வரச் சொல்லுங்கள்.

சொட்டு விழும் இடம் ஒழுகும் இடம் அல்ல. ஒயில் மேலிருந்து கீழே வழியும், ஓடும்போது காற்றில் பின்னால் பரவும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு துடைத்துச் சுத்தமாக்கி, சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் முதல் சந்தேகம். மேலிருந்து கீழாக இந்த வரிசையில் தேடுங்கள்:

டப்பட் கவர் கஸ்கெட்: பழைய வாகனங்களில் அடிக்கடி ஒழுகும் இடம். கஸ்கெட் காய்ந்து வெடித்திருக்கும். புதியதைப் போட்டு, போல்ட்களை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று இறுக்கிக்கொண்டே போனால் கஸ்கெட் பிதுங்கி இன்னும் ஒழுகும்.

ஒயில் பிரஷர் சுவிட்ச்: சின்னப் பாகம். அதன் வயர் முனை ஒயிலில் நனைந்திருந்தால் சுவிட்சை மாற்ற வேண்டும்.

ஒயில் ஃபில்டர்: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஒழுகும். ஒயில் மாற்றும்போது பழைய வளையமும் கழன்று வந்ததா என்று பாருங்கள்.

ட்ரெயின் போல்ட், சம்ப்: போல்ட்டின் வொஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றுவது நல்லது. மேடு பள்ளத்தில் கல் அடித்துச் சம்ப் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிராங்க் சீல்கள்: எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் பின் சீலாக இருக்கலாம். அதை மாற்றக் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும், செலவு கூடும். அதற்கு முன் பிறீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அது அடைபட்டால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் கூடி, நல்ல சீலைக்கூட ஒயில் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

வழி 2: எரிதல்

மட்டையில் சொட்டு இல்லை, ஆனாலும் அளவு குறைகிறது என்றால் சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை எரிபொருள் கூடுவதைக் காட்டும். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவி எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் பயமில்லை.

இந்தச் சோதனைக்கு எங்கள் மலைப்பாதைகள் நல்ல இடம். பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பூனாகலைப் பக்கமிருந்து கொஸ்லந்தைக்குக் கியரில் இறங்கும்போது அக்சலேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பீர்கள். கீழே வந்து மறுபடி மிதித்ததும் நீலப் புகை குப்பென்று வந்தால், அல்லது காலை ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நின்றுவிட்டால், வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே இதை மாற்றலாம்.

பெரகலை ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் எஞ்சினை இறக்கும் முன் கம்பிரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பெற்றோல் எஞ்சின் என்றால் அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் அல்லது கஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

வழி 3: தண்ணீரோடு கலத்தல்

ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் தேத்தண்ணி நிறத்தில் பசை இருந்தால் பதற வேண்டாம். பனி மூட்டத்தில் கிட்டத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அதிலும் அதே நிறம் இருந்தால், அல்லது ரேடியேட்டர் தண்ணீரில் ஒயில் மிதந்தால், ஹெட் கஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகு மட்டுமே திறக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தால்

டாஷ்போட்டில் உள்ள ஒயில் விளக்கு ஒயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அது எரியும் நேரம் எஞ்சினுக்குள் ஒயில் போகாமல் இருக்கலாம். பாதுகாப்பான இடத்தில் உடனே ஓரம் கட்டி நிறுத்துங்கள். கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் பெயாரிங் பிடித்து எஞ்சினே போய்விடும். வளைவுகளில் மட்டும் விளக்கு மின்னி மறைந்தால் பெரும்பாலும் ஒயில் மிகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கராஜுக்குப் போகும்போது

கொப்பியையும் மட்டையையும் கொண்டு போங்கள். எந்தப் பாகம், எவ்வளவு கூலி என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஒழுக்கை நிறுத்தும் என்று விற்கும் போத்தல் மருந்து வெடித்த கஸ்கெட்டைச் சரியாக்காது. ஒயிலின் கிரேட்டை வாகனக் கைநூலில் பார்த்து வாங்குங்கள். கழிவு ஒயிலைக் கானிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். கீழே இருக்கும் வீடுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. கேனில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள்.

அந்த அண்ணனின் வேன்

மட்டையில் சொட்டு இருந்தது. துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது டப்பட் கவரின் பின் மூலை நனைந்திருந்தது. அங்கிருந்து வழிந்த ஒயில் கியர்பொக்ஸ் வரை போய்ச் சொட்டியதால்தான் பெரிய கோளாறு போலத் தெரிந்திருக்கிறது. கஸ்கெட் மாற்றினார்கள், பிறீதர் குழாயைச் சுத்தம் செய்தார்கள். எஞ்சின் இறங்கவில்லை, சங்கிலியும் அடகுக்குப் போகவில்லை. எல்லா வண்டிக்கும் இவ்வளவு லேசாக முடியாது. சிலவற்றுக்கு எஞ்சின் வேலை தேவைப்படத்தான் செய்யும். ஆனால் அதை முடிவு செய்யும் முன் மட்டையையும் கொப்பியையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி

இன்று இரவே மட்டையை விரித்து வையுங்கள். நாளை காலை அளவைப் பார்த்துக் கொப்பியில் முதல் வரியை எழுதுங்கள். நான்கு வாரம் தொடர்ந்து எழுதி, அடுத்த வாழ்வாதாரக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மழைக் காலத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் பாருங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்து, பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டிய இரவில் பொனட்டைத் திறக்க நேரம் இருக்காது.