பழுதான ஆற்றல் நிலையத்தை யார் அகற்றுவது?

எட்டாம் வகுப்பில் "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்று சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், பாபநாசம் பவர் ஹவுஸ்ல மெஷின் பழுதானா ஆள் வந்து பார்ப்பாங்க. செல்லுக்குள்ள யார் வருவாங்க?" அன்று என்னிடம் விடை இல்லை. பிறகு படித்ததையும் வகுப்பில் செய்ததையும் இங்கே பகிர்கிறேன்.

பாபநாசம் நல்ல ஒப்புமைதான். அணையில் தேங்கிய நீர் பாய்ந்து சுழலியைச் சுற்றுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே ஹைட்ரஜன் அயனிகள் தேங்குகின்றன. அவை உள்ளே பாயும்போது ஏடிபி உருவாகிறது. அணைக்கு நீர்மட்டம் எப்படியோ, இதற்குச் சவ்வின் மின்னழுத்தம் அப்படி. அது சரிந்தால் பழுது என்று பொருள்.

செல் இதை எப்படி அறிகிறது? வீட்டு வாசலில் போடும் பால் பாக்கெட்டை நினையுங்கள். ஆள் இருந்தால் உடனே உள்ளே போய்விடும். வாசலிலேயே சேர்ந்தால் அக்கம்பக்கத்தார் சந்தேகப்படுவார்கள். 'பிங்க்-1' என்ற புரதமும் இப்படித்தான். நலமான மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளிழுத்து வெட்டிவிடுகிறது. வெட்டப்பட்ட புரதத்தைச் செல் அழித்துவிடும். மின்னழுத்தம் குறைந்தால் இழுக்க முடியாது. பிங்க்-1 வெளிச்சவ்வில் குவிகிறது. அது 'பார்க்கின்' புரதத்தைத் தூண்ட, பார்க்கின் 'யூபிக்விட்டின்' என்ற அடையாளச் சீட்டுகளை ஒட்டுகிறது. சீட்டு ஒட்டியதை ஒரு சவ்வுப் பை சூழ்ந்து லைசோசோமிடம் சேர்க்கிறது. அங்கே சிதைந்த பொருள்கள் மீண்டும் பயன்படுகின்றன. செல் தன் பகுதிகளைத் தானே செரிக்கும் இந்த முறையை ஈஸ்ட்டில் ஆராய்ந்த யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒவ்வொரு பெஞ்சும் ஒரு மைட்டோகாண்ட்ரியா. நிமிடத்துக்கு ஒரு பிங்க்-1 அட்டை கொடுங்கள். வாங்கியவர்கள் கிழித்துவிட வேண்டும். ஒரு பெஞ்சை மட்டும் சும்மா இருக்கச் சொல்லுங்கள். அங்கே நான்கு அட்டை சேர்ந்ததும் 'பார்க்கின்' மாணவர் மஞ்சள் சீட்டு ஒட்டுவார். இருவர் துண்டால் சுற்றி 'லைசோசோம்' மூலைக்கு அழைத்துப் போவார்கள்.

இரண்டாம் சுற்றில் பார்க்கின் கிடையாது. பழுதான பெஞ்சுகள் தேங்கும். மூன்றாம் சுற்றில் பார்க்கின் எல்லாப் பெஞ்சுக்கும் சீட்டு ஒட்டட்டும். சற்று நேரத்தில் வகுப்பே காலி! அகற்றாமல் விட்டாலும் கேடு, அளவு மீறி அகற்றினாலும் கேடு என்று பிள்ளைகளே சொன்னார்கள். சீட்டைப் பிய்த்தெடுக்கும் யுஎஸ்பி-30 என்ற புரதமும் செல்லில் உண்டு என்று அப்போது சொன்னேன்.

ஓர் எச்சரிக்கை

பார்க்கின், பிங்க்-1 மரபணுக்களின் மாற்றங்கள் இளவயது பார்க்கின்சன் நோயுள்ள குடும்பங்களில் 1998, 2004ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. இதைச் சொன்னதும் அதே மாணவி, "எங்க தாத்தாவுக்குக் கை நடுங்குது, எனக்கும் வருமா?" என்றாள். நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. பார்க்கின்சன் நோயாக இருந்தாலும் பெரும்பாலும் அது பரம்பரையாக வருவதில்லை. தாத்தாவை மருத்துவரிடம் காட்டச் சொல் என்றேன். நோய்ப் பெயரைச் சொல்லும் முன், அது யாருடைய வீட்டில் இருக்கக்கூடும் என்று நாம் ஒரு கணம் யோசிக்க வேண்டும். அந்தப் பாடத்தில் நான் கற்றது அது.